கடிக்காத மெஷின்

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் துணி காயவைக்க மெஷின் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. நீங்களும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள். வெயில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு மாலையில் எடுத்துப் பாருங்கள். கடல்காற்றில் பிசுபிசுத்துக் கிடக்கும். லாரி கிளப்பிய புழுதி முழுக்க அதில் ஒட்டியிருக்கும். நமக்கு அது பெரிதில்லை, கப்பல் அதிகாரிகளுக்குப் பெரிது. புதுத் துறைமுகம் வந்த பிறகு காலையில் அழுக்கு மூட்டை இறங்கும், சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் விரிப்பும் தலையணை உறையும் சட்டையும் துவைத்து, காய்ந்து, தேய்த்துப் போய்ச் சேர வேண்டும். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். என் தங்கை சந்தனமாரி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது மெஷினை நம்பித்தான். அந்த நாளில் மெஷினை நம்புவது என்றால் என்னை நம்புவது.

நான் காசிலிங்கம். நூல் மில் ஒன்றில் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் கயத்தாறுக்கு மேற்கே. சந்தனமாரி எனக்கு ரொம்ப இளையவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதுகூட நான்தான். செந்தூர்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை தூத்துக்குடியில் லாண்டரி நடத்தினார். தங்கமான மனிதர். மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறினார்கள், நான் ஏறவில்லை. அவள் வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்குப் புது வயரிங் போட்ட பிச்சையாவை நீங்கள் இன்னும் காவலில் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் நானே வந்தேன். அந்தப் பையன் வேலையில் ஒரு குறையும் கிடையாது. ஒரு தொழில்காரன் ஒழுங்காகச் செய்த வேலையைத் தப்பு என்று நாலு பேர் பேசுவதை இன்னொரு தொழில்காரன் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய மெஷினில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். உடைத்து விற்ற ஏதோ ஒரு கப்பலில் இருந்து மாப்பிள்ளை ஏலத்தில் எடுத்தது அது. பின்கட்டில் வைத்து நான்தான் லைன் கொடுத்தேன். அந்த வீட்டு வயரிங் நாலு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டது. மரச்சட்டத்தின் மேல் ஓடுகிற பழைய வயர். அதிலிருந்தே இழுத்துக் கொடுத்தேன். மெஷின் ஓடியது. கூடவே கடித்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். ஈரக்கையோடு தொட்டால் முழங்கை வரைக்கும் சுளீர் என்று ஏறும். அதற்காக ஒரு பனம்பலகையைச் செதுக்கி மெஷின் முன்னால் போட்டேன். பலகை மேல் ஏறி நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புறங்கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்த முறை அது. சந்தனமாரிக்கும் பழகிவிட்டது, துணி தேய்க்க வருகிற பேச்சித்தாய்க்கும் பழகிவிட்டது.

பேச்சித்தாய் வாயாடி. "இது மெஷினு இல்லக்கா, மாமியாக்காரி. பலகை மேல நின்னுதான் பேச முடியுது" என்பாள்.

"உன் மாமியாளுக்கு சுவிட்ச் கெடையாதேளா, அணைச்சி வைக்க" என்பாள் சந்தனமாரி.

"அணைச்சாலும் கடிப்பா அவ."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். முன்னறையில் எனக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

எர்த் வயர் போட்டிருந்தால் கடித்திருக்காதே என்று கேட்டீர்கள். கடித்திருக்காது. ஒரு அரைநாள் வேலை அது. செய்யலாம் செய்யலாம் என்று தள்ளிப்போய்விட்டது. பழைய பியூஸ் கட்டைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிய கம்பி ஏன் கட்டியிருக்கிறீர் என்றும் கேட்டீர்கள். மெல்லிய கம்பி பாதுகாப்பு. கொஞ்சம் பாரம் கூடினாலும் உருகிவிடும், வீட்டுக்கு ஆபத்தில்லை. எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கும். அது அடிக்கடி போகும் என்பது உண்மைதான். போனால் வீடே இருட்டாகிவிடும். உடனே பின்கட்டில் இருந்து "அண்ணே, பியூஸ் போச்சி!" என்று அவள் குரல் வரும். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவேன். நான் மில்லில் இருந்தால் யாரிடமாவது சொல்லி அனுப்புவாள். சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் வந்து கட்டிவிட்டுப் போவேன். வியர்த்து நிற்கிற என்னைப் பார்த்து, "அண்ணன் மட்டும் இல்லன்னா என் பாடு திண்டாட்டந்தான்" என்று பேச்சித்தாயிடம் சொல்வாள். சரியான கம்பி என் பெட்டியில் எப்போதும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் அந்த மெஷினின் மோட்டார் எரிந்துபோனது. ஈரத்துணி மலையாகக் கிடந்தது. மோட்டாரைக் கழற்றித் திரும்பச் சுற்றிக் கொடுக்கிறேன் என்றேன். ஒரு வாரம் பொறு என்றேன். அவள் பொறுக்கவில்லை. கப்பலுக்குச் சாமான் கொடுக்கிற ஏஜெண்டைப் பிடித்து, அவளே பேசி, பம்பாயில் இருந்து வேறொரு மெஷினுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். லாரியில் வந்து இறங்கிய பிறகுதான் நான் பார்த்தேன். முன்னதைப்போல் இரண்டு மடங்கு பெரியது. அதை நம்முடைய பழைய லைனில் ஓட்ட முடியாது. த்ரீ ஃபேஸ் வேண்டும், மீட்டர் மாற்ற வேண்டும், தனி வயர், தனி மெயின் சுவிட்ச், எர்த். வீட்டு வயரிங்கையே மாற்றியாக வேண்டும்.

லீவு போடுகிறேன், நான் செய்கிறேன் என்றேன்.

"நீங்க எதுக்குண்ணே மெனக்கெடுதீங்க? கரண்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் கையெழுத்து கேக்காங்க. பிச்சையான்னு ஒரு பையன் இருக்கான், சுத்தமா செய்வானாம். நான் சொல்லிட்டேன்."

"என்கிட்ட கேக்காமயா?"

"கேட்டா நீங்கதான் ஒத்தையில கெடந்து இழுப்பீங்க. வயசு திரும்புதா, சொல்லுங்க?"

அன்பாகத்தான் சொன்னாள். அவள் எதையும் அன்பாகத்தான் சொல்வாள்.

பிச்சையா வந்தான். வேலை தெரிந்தவன். சுவரில் நூல் பிடித்துக் கோடு போட்டு, குழாய் பதித்து, வளைவுகளில் ஒரு பிசிர் இல்லாமல் வயரை இழுத்தான். மரச்சட்டங்களைப் பிடுங்கி முற்றத்தில் குவித்தான். நான் கட்டிய பியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "யாரு அண்ணாச்சி இந்தக் கம்பியக் கட்டுனது? விளக்குக்கே காணாதே" என்றான். கட்டைகளை வாங்கி என் பெட்டியில் போட்டேன். சந்தனமாரி பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கடைசியாகப் பின்வாசலில் எர்த் குழி தோண்டினான். குழாயை நட்டு, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று போட்டு மூடினான். உப்பு உப்பளத்தில் இருந்தே ஓலைப்பெட்டியில் வந்தது. "சோத்துக்குப் போடுத உப்ப மண்ணுக்குப் போடுதான் பாருங்கக்கா" என்று பேச்சித்தாய் அதற்கும் ஒன்று சொன்னாள். குழி காய்ந்துவிடக் கூடாது, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பிச்சையா சொன்னான். எர்த் உயிரோடு இருந்தால்தான் மெஷினைத் தொடுகிறவர்களுக்குப் பயமில்லை என்று எளிதாக விளக்கினான்.

சந்தனமாரி என் பக்கம் திரும்பி, "அண்ணே, அத மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள்.

அந்த வீட்டில் எனக்கு மிச்சமான வேலை அதுதான். காலையில் மில்லுக்குப் போகுமுன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் ஊற்றுவேன். "என்ன அண்ணாச்சி, செடி வச்சிருக்கீயளா? காய்ச்சா எனக்கும் ரெண்டு தாங்க" என்பாள் பேச்சித்தாய். நானும் சிரித்துவைப்பேன். பியூஸ் போகவில்லை. மெஷின் கடிக்கவில்லை. பின்கட்டில் அது பாட்டுக்கு ஓடும். மணிக்கணக்கில் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன், ஒரு குரல் வராது. சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து பார்ப்பேன். "என்னண்ணே, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா? இந்நேரத்துல வந்திருக்கீங்க?" என்று கேட்பாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணே, எனக்காக எத்தன வருசம் இந்த முன்னறையில கெடப்பீங்க? மில்லுல குவார்ட்டர்ஸ் தாராங்கன்னீங்களே. இனி எனக்கு ஒரு பயமும் இல்ல. நீங்களும் உங்களுக்குன்னு ஒரு குடும்பத்தப் பாருங்க. நம்ம ஊருப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கு, நானே போயிக் கேக்கேன்."

இனி எனக்கு ஒரு பயமும் இல்லை. இந்த வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவள் பயம் இருந்த இடத்தில்தான் என் கட்டில் கிடந்தது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

யோசித்தேன். கோபத்தில் செய்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் வாழ்க்கையில் அவளை ஒருமுறைகூட அதட்டியது கிடையாது. மெஷின் பழையபடி ஒரு தடவை கடித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவள் பதறிக் கூப்பிடுவாள். நான் போய்ப் பார்ப்பேன். பிச்சையா இல்லாத நேரத்தில் வீட்டில் விவரம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்பது அவளுக்குப் புரியும். அவ்வளவுதான்.

முதலில் பலகை. மெஷின் மாறிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் பழக்கத்தில் அதன் மேல்தான் ஏறி நின்றார்கள். பாதிக்கு மேல் ஈரத்தரையாக இருக்கிற பின்கட்டில் அது காலைத் தட்டிக்கொண்டே கிடந்தது. ஒருநாள் சந்தனமாரியிடம், "ஏளா, இன்னும் எதுக்குளா இந்தக் கட்டை? அதான் எர்த் போட்டாச்சே. புது மெஷின நம்ப வேண்டாமா?" என்றேன்.

"கால் தானா ஏறுதுண்ணே" என்று சிரித்தாள்.

"கால நான் மாத்துதேன்" என்று சொல்லிப் பலகையை எடுத்துப் பிளந்து வெந்நீர் அடுப்புக்குப் போட்டேன். ஒரு வாரம் தயங்கித் தயங்கித் தொட்டாள். நான் பக்கத்தில் நின்று, நீ தொடு, ஒன்றும் செய்யாது என்று சொல்வேன். மெல்ல மெல்ல அந்தப் பழக்கம் விட்டது. முந்தானையில் கையைத் துடைப்பதும் விட்டது, புறங்கையால் தட்டிப் பார்ப்பதும் விட்டது. வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று முழுக் கையால் கதவைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்தாள். அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. நான் அவசரப்படவில்லை.

மெஷினுக்குள் நான் என்ன செய்தேன் என்பதை உங்கள் ஆட்களுக்கு நேரிலேயே காட்டிவிட்டேன். எர்த் வயரை எங்கே விலக்கினேன் என்பதையும் காட்டினேன். மின்சார இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, இது தானாகக் கழன்றதில்லை, வேலை தெரிந்த கை என்றார். பிச்சையா முடுக்கியிருந்த முடுக்கு அப்படி. அந்த மனிதருக்கு அது கண்ணில் பட்டதில் எனக்கு ஒரு நிம்மதி.

அன்றைக்குப் பேச்சித்தாய் வரவில்லை. மாசித் திருவிழா. தேர் பார்க்கத் திருச்செந்தூர் போயிருந்தாள். அவள் போகிற நாள்தான் சரி என்று காத்திருந்தேன். பிள்ளைகுட்டிக்காரி, அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது. இதைச் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்தினீர்கள். சின்னக் கடி மட்டுந்தான் என்று நினைத்தவர் பேச்சித்தாயைப் பற்றி எதற்கு அவ்வளவு யோசித்தீர் என்றீர்கள். நியாயமான கேள்விதான். நான் எந்த வேலையிலும் கொஞ்சம் கூடுதலாக ஜாக்கிரதை பார்க்கிறவன்.

மில்லுக்கு லீவு சொல்லியிருந்தேன். சந்தனமாரி காலையிலேயே எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "லீவா? அப்பம் இன்னைக்கு வீட்டுல இருங்க. ஊருக்குப் போறதப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். தண்ணீர் விழுகிற சத்தம், துணி அலசுகிற சத்தம், பிறகு மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம். கொஞ்ச நேரம் கழித்து வாளி உருண்டது.

நான் காத்திருந்தேன். வாளி உருண்டால் அடுத்து அவள் குரல் வரும். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலுக்கு முன்னால் எழுந்து போனது கிடையாது. கூப்பிட்டதும் போவதுதான் என் வழக்கம். செய்தித்தாளை மடித்துவிட்டேன். செருப்பைக்கூடத் தள்ளி வைத்துவிட்டேன், எழுந்ததும் காலில் தட்டக் கூடாது என்று. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. அது முடிந்து வேறொன்று தொடங்கியது. காப்பியில் ஆடை படிந்துவிட்டது. குடிக்கவில்லை.

பிறகு போய் மெயினை அணைத்தேன்.

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் டீச்சரைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். கூட்டம் கூடியது. பிச்சையா பெயர் முதலில் யார் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. "சின்னப் பயல நம்பி வீட்டக் குடுத்தா இப்படித்தான். நம்ம அண்ணாச்சி கையால போட்டிருந்தா இந்தப் பிள்ளை போயிருக்குமா?" என்று பிளாரன்ஸ் டீச்சர் அழுதாள். திருவிழாவில் இருந்து திரும்பிய பேச்சித்தாய் என் காலடியில் விழுந்து, "உங்களையே வேல பாக்கச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்று கதறினாள். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அதையே ஏதோ ஒரு விதத்தில் சொன்னார்கள். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த ஆறுதலில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

என்னிடம் அதைச் சொல்லாதவர் பிச்சையாவின் அப்பா ஒருவர்தான். நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். "என் மகன் தப்புப் பண்ணியிருந்தா தூக்குல போடட்டும் அண்ணாச்சி. ஆனா தொழில் தெரிஞ்சவரு நீங்க. அவன் போட்ட வேலையப் பாத்து நீங்க சொல்லுங்க" என்றார். வேலையைப் பற்றிக் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. அவன் வேலை சுத்தம். சந்தனமாரி இறந்தது நான் செய்த வேலையால். மெஷினைத் தொட்டால் என்ன ஆகும் என்பது, பலகையைப் பிளந்த அன்றே எனக்குத் தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வாளி விழுந்த சத்தம் கேட்ட உடனே ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளே என்று நீங்கள் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். பிழைத்திருக்கலாம். ஓடுவதற்குத்தானே நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கரண்ட் பிடித்துக்கொண்டவர்களுக்கு வாய் வராது, சத்தம் போட முடியாது. அது எனக்குத் தெரியாததில்லை. மில்லில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். ஆனால் அதெல்லாம் பொதுவாகச் சொல்வது. இவள் என் கையில் வளர்ந்த பிள்ளை. கொஞ்சம் மனசு வைத்திருந்தால், ஒரே ஒரு தடவை, அண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம்.